கஷ்டமான ஆள்

அந்தியூரு வரைக்குங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதானுங்க. சித்தெ ஜன்னலோரம் தள்ளி உக்கோருங்கம்மிணி, இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன். ஒண்ணுமில்லீங்க, பேத்திக்குக் கைமுறுக்கு, ரெண்டு சீப்புப் பழம், அப்பறம் ஒரு நோட்டு. நோட்டு கசங்கிரப்படாது. காங்கயத்துலிருந்து ஈரோடு வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தனுங்க, அப்பவும் பையைக் கீழ வெக்கலை.

ஆமாங்க, சம்பந்தி ஊட்டுக்குத்தான். மருமகளக் கூட்டியாரப் போறேன். போன ஞாயித்துக்கெழமை பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனவ, இன்னைக்கோட ஒரு வாரமாச்சு. கோவிச்சுக்கிட்டுப் போனாள்னு சொல்லப்படாது. அவ கோவமே படலைங்க, அதுதான் எனக்கு ஆகலை. சத்தம் போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், பொழுதோட ரெண்டு பேரும் ஒட்டுக்கா காப்பி குடிச்சிருப்போம். இவ ஒண்ணுமே பேசாம துணிய மடிச்சு எடுத்து வெச்சுக்கிட்டுப் போயிட்டா.

நேத்தைக்கு அவளே போன் பண்ணுனா. 'அத்தை, நாளைக்கு நீங்க வாங்க. வரும்போது அந்த நோட்டைக் கொண்டுட்டு வாங்க. எங்கப்பா அம்மா முன்னால நீங்களே வாசிங்க. வாசிச்சு முடிச்சதுக்கப்பறம் நான் வர்றதா வேண்டாமான்னு சொல்றேன்' அப்படின்னா. பாத்தீங்களா, மனசு எளகிருச்சு. நாப்பத்தெட்டு நாளு ஒருத்தி பேரச் சொல்லி வாழ்த்துனா எளகாம எங்க போகும். எங்கூட்டுக்காரரு மட்டும், 'நோட்டக் கொண்டு போகாத சாந்தாமணி, வெறுங்கையோட போ, போயி அவ கையப் புடிச்சுக்க' அப்படின்னாரு. அவருக்கு என்னங்க தெரியும், களத்துல தேங்காப் பருப்புக் காய வெக்கறவருக்கு. மருமகளே கேக்கறா, கொண்டு போகாம இருக்க முடியுங்களா? நானு நல்ல சீலையாப் பாத்துக் கட்டிக்கிட்டு, தலைக்குப் பூ வெச்சுக்கிட்டுப் பொறப்பட்டேன்.

அது என்ன நோட்டுன்னு கேக்கறீங்க. சொல்றேன், அதுக்குத்தான நாம இத்தன தூரம் ஒட்டுக்கா போறோம்.

எனக்குப் பிரஷர் வந்துதுங்க. டாக்டரு மாத்திரையும் எழுதிக் குடுத்துப்போட்டு, மனச அமைதியா வெச்சுக்குங்கம்மான்னாரு. மாத்திரை கடையில கெடைக்குது. அமைதிக்கு நானெங்க போறது? அப்பத்தான் எங்கூருக் கல்யாண மண்டபத்துல, சாப்பாட்டுக் கூடத்துல, ஞாயித்துக்கெழமை காத்தால கருணை வகுப்புன்னு ஒண்ணு நடக்குதுன்னு சொன்னாங்க. நடத்தறது மனோன்மணியம்மா. தாசில்தாரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. நல்ல பொம்பளைங்க, மெதுவாப் பேசுவாங்க, அதிர நடக்க மாட்டாங்க. செய்யற காரியத்துல கவனம் வேணும், எல்லா உசுரு மேலயும் எரக்கம் வேணும், இதை மலை மேல போயிச் செய்ய வேண்டியதில்ல, அடுப்படியிலயே செய்யலாம் அப்படின்னாங்க. எனக்கு அது புடிச்சுப் போச்சுங்க.

நானு எதைத் தொட்டாலும் அரகொறையா உடமாட்டேன். ஒரு வாய் சோத்த முப்பத்திரெண்டு தடவ மெல்லோணும்னாங்க. மென்னேன். ரெண்டு இட்டிலி தின்னு முடிக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு களத்துக்குப் போயி ஒரு நடை திரும்பி வந்துருவாரு. 'நீ மெல்லறதப் பாத்தா எனக்குத் தாடை வலிக்குது'ம்பாரு. பாத்திரம் கழுவறப்பத் தண்ணிச் சத்தத்தக் கேக்கோணும்னாங்க. கேட்டேன். எறும்புக்கு மருந்து போடறத நிறுத்திட்டேன். சக்கரை டப்பா பூராம் எறும்பு, பாப்பா கால்ல கடிச்சு வெச்சுருச்சுன்னு பிருந்தா சலிச்சுக்கிட்டா. பிருந்தாங்கறதுதான் மருமக. நானு ஒண்ணுஞ் சொல்லலை. மனசுக்குள்ளயே வாழ்த்திக்கிட்டேன்.

அப்பறம் இந்த மணி. மணிக்கொருக்கா போன்ல டிங்குன்னு அடிக்கும். அடிச்ச ஒடனே எந்த வேலையா இருந்தாலும் அப்படியே நிறுத்தி, கண்ண மூடி, மூச்சப் பாக்கோணும். அதைப் போன்ல வெச்சுக் குடுத்ததே பிருந்தாதானுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்துல டீச்சர் அவ, காங்கயத்துலயே, பாப்பாவும் அதே பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. அன்னைக்குக் களைச்சுத்தான் வந்தா. வந்த கையோட உக்கோந்து வெச்சுக் குடுத்தா. நல்ல புள்ளதானுங்க, நானு இல்லைங்கலை.

தைப் பொங்கல் முடிஞ்சு வந்த வகுப்புலதான் மனோன்மணியம்மா இந்த நோட்டு வேலையக் குடுத்தாங்க. ஆளுக்கொரு கஷ்டமான ஆளத் தேர்ந்தெடுத்துக்குங்க, நெனச்சாலே மனசு சுருங்குது பாருங்க, அந்த மாதிரி ஒரு ஆளு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, தெனமும் அவங்களால என்ன ஆச்சுன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க, தீர்ப்புச் சொல்லாதீங்க, எழுதி முடிச்சு அவங்களை வாழ்த்துங்கன்னாங்க. மண்டலம் முடியற வரைக்கும் பின்னால திருப்பிப் பாக்கப்படாது. வாராவாரம் நோட்டக் கொண்டு போயிக் குடுத்தா பச்ச மையில கையெழுத்துப் போடுவாங்க. ஆபீசுப் பழக்கம் போகாதுங்களே.

எனக்குக் கஷ்டமான ஆளுக்கா பஞ்சம்? எங்க நங்கையா ஒருத்தி, எங்கூட்டுக்காரருக்கு அக்கா, இருக்கறா, என்ற கல்யாணத்துல ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியலை. ஆனா அவ இருக்கறது தாராபுரத்துல. தெனமும் என்ன பண்றான்னு எனக்கெப்படித் தெரியும், நோட்டுல என்னத்த எழுதறது? பக்கத்துலயே இருக்கற ஆளா இருந்தாத்தான் பக்கம் ரொம்பும். அதனால பிருந்தா பேர எழுதிக்கிட்டேன். மொதப் பக்கத்துல, பாருங்க, சிவப்பு மையில அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன். 'கஷ்டமான ஆள்: பிருந்தா.' எல்லாம் அவ நல்லதுக்குத்தானுங்க. நாப்பத்தெட்டு நாளு வாழ்த்து, சும்மாக் கெடைக்குமா ஒருத்திக்கு?

வாசிச்சுக் காட்டட்டுங்களா? மண்டலம் நேத்தோட முடிஞ்சுது, இனிமேத் திருப்பலாம். அங்க சம்பந்தி முன்னால தடுமாறாம வாசிக்கோணும், ஒரு ஒத்திகையாட்ட இருக்கட்டும். கண்ணாடி எங்க போச்சு. ம்.

'நாள் ஒன்று. பிருந்தா பாலை அடிப்பிடிக்க விட்டாள். நான் கோபப்படவில்லை. நன்றாக இருக்கட்டும்.'

'நாள் நான்கு. அவள் அம்மாவுடன் போனில் இருபத்தைந்து நிமிடம். குழம்பு கொதித்து வழிந்தது. நான் போய் அணைத்தேன். நன்றாக இருக்கட்டும்.'

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. ஆனா பாருங்க, ஒரு நாளு உடலை. ஒரு வசவு இல்ல. தீர்ப்புச் சொல்லாதீங்கன்னாங்க, சொல்லலை.

'நாள் பதினொன்று. காலையில் எழுந்திருக்க ஏழு மணி. வாந்தி வருகிறது என்றாள். முந்தின நாள் கடையில் புரோட்டா வாங்கித் தின்றார்கள். நன்றாக இருக்கட்டும்.'

'நாள் பதினான்கு. நான் வைத்த சாம்பாரின் வாசம் ஆகவில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருடமாக வைக்கிற சாம்பார். மனது வருந்தியது. நன்றாக இருக்கட்டும்.'

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? ஆமாங்க. நீங்க நெனைக்கறது சரிதான். அதைத்தான் எங்கூட்டுக்காரரும் கேட்டாரு. 'ஒரு புள்ள பெத்தவளுக்கு வாந்தியும் மூக்கப் பொத்தறதும் என்னன்னு தெரியாதா'ன்னு. தெரியுமுங்க. வேற ஊட்டுப் புள்ளையா இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா வகுப்புல, பாத்ததைப் பாத்தபடி எழுதுங்க, நீங்களா ஒரு முடிவுக்குப் போகாதீங்கன்னாங்க. நானு போகலை. எனக்கு அப்ப அடுத்த வரி என்ன எழுதறதுங்கறதுலயே கவனம்.

சித்தெ இருங்க. மணி அடிக்குது.

ம். மூணு மூச்சுத்தானுங்க, அவ்வளவுதான். சித்தோடு தாண்டிட்டமா? எங்க உட்டேன்?

'நாள் பதினாறு.' இத இங்க ஒரு நிமிசம் சொல்லிப்போட்டு வாசிக்கறேன். செவ்வாய்க்கெழமை அது. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால பிருந்தா அடுப்படிக்கு வந்து, 'அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்'னா. நானு திரும்பறேன், மணி அடிச்சுருச்சு. கையக் காட்டி, இருன்னு சொல்லிப்போட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். அன்னைக்கு மூச்சு நல்லா ஓடுச்சுங்க, ஒரு ரெண்டு மூணு நிமிசம் சேத்தியே இருந்திருப்பேன். கண்ணத் தொறந்தா ஆளக் காணோம். பள்ளிக்கூட வேன் வந்துருச்சாட்டம் இருக்குது. சாயந்தரம் நானும் மறந்துட்டேன், அவளும் மறுக்காச் சொல்லலை. அதைத்தான் எழுதியிருக்கேன். 'பேச வந்தாள். மணி அடித்தது. இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. பொறுமை போதாது. நன்றாக இருக்கட்டும்.'

'நாள் இருபது. சனிக்கிழமை. பகல் பதினோரு மணி வரை படுத்துக் கிடந்தாள். பாத்திரம் அப்படியே கிடந்தது. நானே கழுவினேன். தண்ணீரின் சத்தத்தைக் கேட்டேன். நன்றாக இருக்கட்டும்.'

'நாள் இருபத்து மூன்று. குளிக்கப் போனால் அரை மணி நேரம் வெளியே வருவதில்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரின் அருமை தெரியவில்லை. நன்றாக இருக்கட்டும்.'

இப்படியே நாப்பத்தொண்ணாம் நாளு வரைக்கும் போச்சு. அன்னைக்குச் சனிக்கெழமை. பாப்பாவுக்கு ஆனை வரையறதுக்குக் காகிதம் வேணுமாம், என்ற தலையணைக்கு அடியில இருந்த நோட்டத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்குது. பிருந்தா அதைப் புடுங்கி, அப்பத்தா நோட்டுல கிறுக்கப்படாது சாமின்னு சொல்லிக்கிட்டே பிரிச்சிருக்கறா. மொதப் பக்கத்துலயே இவ பேரு. நானு கோயலுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், அடுப்படியில கீழ உக்கோந்துக்கிட்டு இவ படிச்சுக்கிட்டிருக்கறா. ஒவ்வொரு பக்கமா. அவசரமே படலை. எங்க வகுப்புல சொல்லித் தர்றாப்பல முழுக் கவனமாப் படிச்சா.

எனக்கு ஒண்ணும் பயம் இல்லீங்க. நல்லதுதான், இத்தன நாளா நானு வாழ்த்துனது அவளுக்குத் தெரியட்டும்னுதான் நெனச்சேன். படிச்சு முடிச்சா. அட்டையில பட்டிருந்த மாவைத் தொடச்சா. கொண்டு போயித் தலையணைக்கு அடியிலயே வெச்சா. அப்பறம் சோறாக்குனா, எனக்கு வட்டல்ல போட்டுக் குடுத்தா. ஒரு வார்த்தை பேசலை. நானு அன்னைக்கு எழுதியிருக்கறதப் பாருங்க. 'இன்று பிருந்தாவிடம் பேச்சே இல்லை. வீட்டில் அமைதி கூடியிருக்கிறது. வாழ்த்து வேலை செய்கிறது.'

அடுத்த நாளு நானு வகுப்புக்குப் போயிக் கையெழுத்து வாங்கிக்கிட்டு வர்றேன், ஊட்டுல அவளும் இல்ல, பாப்பாவும் இல்ல. எம்பையன் பூபதி மட்டும் வாசலையொட்டுன ஆசாரத்துல கட்டல் மேல உக்கோந்திருக்கறான். பஸ் ஏத்தி உட்டுட்டு வந்துருக்கறான். அப்பத்தானுங்க சொன்னான்.

மறைக்கறதுக்கு என்ன இருக்குது, பொம்பளைக்குப் பொம்பள சொல்றேன். அவ முழுகாம இருந்திருக்கறா. ரெண்டு மாசம். பாப்பாவுக்கு அப்பறம் நாலு வருசமா ஒண்ணும் நிக்கலைங்க. அதனால மூணு மாசம் ஆகட்டும், அப்பறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்கலை. அந்தச் செவ்வாய்க்கெழமை காத்தால லேசா உதிரம் பட்டிருக்குது. பயந்துக்கிட்டு எங்கிட்ட வந்திருக்கறா. அதைத்தான் சொல்ல வந்தாளாம். வெள்ளிக்கெழமை, பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா ஒத்திகை இருக்குது, வர நேரமாகும்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டு, பூபதி அவளைத் திருப்பூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கறான். தங்கலைங்க. சுத்தம் பண்ணி, பொழுதுக்கும் படுக்க வெச்சிருந்து, ராத்திரி கூட்டியாந்திருக்கறான். அடுத்த நாளு பதினோரு மணி வரைக்கும் அவ படுத்துக் கெடந்தது அதுக்குத்தான்.

எனக்கு அழுகை வராதுங்களா? அதுவும் எம் பேரனோ பேத்தியோதான. எங்கூட்டுக்காரரு காதுலயும் பையன் காதுலயும் உழுகப்படாதுன்னு குளிக்கற ரூமுக்குள்ள போயிக் குழாயத் தொறந்து உட்டுட்டு அழுதனுங்க. எத்தன நேரம் அழுதேன்னு எனக்கே தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. எங்கிட்ட ஏன் சொல்லலை? ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, தெனமும் அவ பேரச் சொல்லி வாழ்த்தறவகிட்ட, இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானு தாங்கியிருக்க மாட்டனா? கஞ்சி வெச்சுக் குடுத்திருக்க மாட்டனா? அதை நானு பூபதிகிட்டயும் கேட்டேன். அதுக்கு அவன், 'அவ சொல்ல வந்தாம்மா. நீ கையக் காட்டுனே' அப்படின்னான்.

அப்பறம் சொன்னான், 'வெள்ளிக்கெழமை, பத்தொம்பதாம் நாளு நீ என்ன எழுதியிருக்கறேன்னு எடுத்துப் பாரு. பாத்துப்போட்டு அப்பறம் எங்கிட்டப் பேசு'ன்னு. அதோட சரி. ஒரு வாரமா எம்முகத்தப் பாக்கறதில்ல. சோத்த அவனே போட்டுக்கறான்.

மனோன்மணியம்மாகிட்டயும் போனனுங்க, அன்னைக்குப் பொழுதோடயே. என்னம்மா இப்படி ஆயிப்போச்சு, வாழ்த்துனதுல ஏதாச்சும் கொறையான்னு கேட்டேன். இத்தன வாரமா அவங்க கையெழுத்துத்தான போட்டாங்க, அன்னைக்குத்தான் நாலு பக்கம் உள்ள படிச்சாங்க. மூடி வெச்சுட்டாங்க. 'சாந்தாமணி, அவங்களால உங்க மனசுக்குள்ள என்ன ஆச்சுன்னு எழுதச் சொன்னனே. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னா எழுதச் சொன்னேன்' அப்படின்னாங்க. எம் மனசுக்குள்ள என்னங்க ஆச்சு? நானு நல்லாத்தான இருந்தேன். கையெழுத்துப் போடறப்பவே படிச்சுச் சொல்லியிருக்கலாமில்லைன்னு கேட்டேன். தப்பு எம்மேலயும் இருக்குதுன்னாங்க. சொல்றப்ப அவங்க கண்ணு கலங்கிப் போச்சு. பெரிய உத்தியோகம் பாத்தவங்க அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, காப்பியக்கூட முழுசாக் குடிக்காம வந்துட்டேன்.

அப்பவும் நானு மண்டலத்த நிறுத்தலைங்க. மிச்சம் ஏழு நாளு இருந்துச்சில்ல. அவ அந்தியூர்ல, நானு காங்கயத்துல. இங்கிருந்தபடியே வாழ்த்துனேன். ஊட்டுல ஆளே இல்லாததால எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. வாழ்த்து மட்டும் எழுதுனேன். பாப்பா வெளையாடற சத்தமே இல்லாம ஊடு வெறிச்சுன்னு கெடந்துச்சுங்க. அதை எழுதலாமான்னு பாத்தேன். அது அவ குறை இல்லியே, அதை எப்படி எழுதறதுன்னு உட்டுட்டேன்.

இதுதானுங்க கதை. இன்னைக்கு நானு வாசிக்கறதக் கேட்டா சம்பந்தி ஊட்டுல ஒத்துக்குவாங்கன்னு நெனைக்கறேன். சம்பந்தியம்மா நல்ல மனுசி. ஒரு நாளு உடாம எம்மகளுக்கு இத்தன வாழ்த்தான்னு மலைச்சுப் போயிருவாங்க. இல்லீங்களா?

என்னங்க?

அந்த வெள்ளிக்கெழமையா? நீங்களும் எம்பையனாட்டவே கேக்கறீங்களே. அது வாசிக்கலைங்களா நானு? பதினாறு வாசிச்சேன், அப்பறம் இருபது... பக்கம் ஒட்டிக்கிட்டு வந்துருச்சாட்டம் இருக்குது.

இல்லீங்க. உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லோணும். நேத்தே மண்டலம் முடிஞ்சுது, நேத்தே பாத்திருக்கலாம். நோட்டக் கையில எடுத்தேன், அப்பறம் பால் காயுதுன்னு வெச்சுட்டேன். காத்தாலயும் எடுத்தேன். பூபதி அன்னைக்குச் சொல்றப்ப அவன் மொகம் இருந்த இருப்பு எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவன் சின்னதுல ஒருக்கா நாய் கடிச்சு வந்து நின்னான், அன்னைக்குக் கூட மொகம் அப்படி இல்ல.

பவானி வந்துருச்சுங்களா? அப்ப இன்னும் நேரம் இருக்குது. நீங்க பக்கத்துல இருக்கறப்பவே பாத்தர்றேன். ஒண்ணும் இருக்காதுங்க, அன்னைக்கு அவ ஊட்டுலயே இல்லியே, குறை சொல்றதுக்கு என்ன இருந்திருக்கப் போவுது. அன்னைக்கு ஒரு வார்த்தை தப்பா எழுதியிருக்க மாட்டேன், அது எனக்கு நல்லாத் தெரியும். இது பதினெட்டு. இதா, பத்தொம்பது.

'நாள் பத்தொன்பது. பிருந்தா காலையில் போனவள் இரவு ஏழு மணிக்குத்தான் வந்தாள். பகலும் மாலையும் வீட்டில் இல்லை. குறை எதுவும் கண்ணில் படவில்லை. மனது அத்தனை அமைதி. தியானம் நன்றாகக் கூடியது. எல்லா நாளும் இப்படியே இருக்க வேண்டும். நன்றாக இருக்கட்டும்.'

கீழ மனோன்மணியம்மா கையெழுத்து. பக்கத்துல பச்ச மையில 'நன்று'ன்னு எழுதியிருக்கறாங்க. வேற எந்தப் பக்கத்துலயும் எழுதலைங்க, இதுல மட்டுந்தான்.

சித்தெ இருங்கம்மிணி. மணி இல்லீங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது.

எங் கையெழுத்துத்தானுங்க இது. நானேதான் எழுதியிருக்கேன். அவ அங்க ஆஸ்பத்திரிக் கட்டல்ல கெடந்திருக்கறா, புள்ளையப் பறிகுடுத்துட்டு. நானு இங்க காலு மேல காலு போட்டு உக்கோந்துக்கிட்டு, எல்லா நாளும் இப்படியே இருக்கோணும்னு வேண்டியிருக்கேன். வேண்டுனது மட்டுமில்லாம எழுதியும் வெச்சிருக்கேன். அவ அதைப் படிச்சுப்போட்டு எனக்குச் சோறு போட்டாளுங்க. வேணுமா அத்தைன்னு கேக்கலை, ஆனாப் போட்டா. நானு முப்பத்திரெண்டு தடவ மென்னு தின்னேன்.

அவளுக்கு வாந்தி வந்தது தெரியுது எனக்கு. மூக்கப் பொத்துனது தெரியுது. குழாய் ஓடுனது, படுத்துக் கெடந்தது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கேன். ஒருக்காக்கூட என்ன கண்ணு ஆச்சுன்னு கேக்கலைங்களே நானு. வெக்கமா இருக்குதுங்க.

கிழிச்சுப் போடறதா? கிழிக்கலாமுங்க. ஜன்னல் தொறந்துதான் இருக்குது, ஒரு நிமிசம் ஆகாது. சம்பந்திக்குத் தெரியவா போவுது. ஆனா பிருந்தாவுக்குத் தெரியுமே. அவ படிச்சுட்டா. பதினெட்டு முடிஞ்சு இருபது வந்தா, அவ எம்மூஞ்சியப் பாப்பா. பாத்துப்போட்டு, போன வாரமாட்டவே ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போயிருவா. அப்பறம் நானு எத்தன நடை வந்தாலும் அந்தப் புள்ள வெளிய வராது.

திரும்பிப் போயிரலாமான்னு தோணுதுங்க. இதே பஸ்ஸுல உக்கோந்துக்கிட்டா ஈரோடு போயிரும். ஒடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிச் சொல்லிக்கலாம், அது பொய்யும் இல்ல, பிரஷருக்காரிதான நானு. அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ எதுக்குமே ஒண்ணும் சொன்னதில்லைங்களே. பாப்பா மட்டும் வாசல்ல நிக்கும்னு நெனைக்கறேன். அப்பத்தா எந்த பஸ்ஸுல வர்றாங்கன்னு நேத்துப் போன்ல கேட்டுச்சு.

இதுதானுங்களா அந்தியூரு? அதுக்குள்ள வந்துருச்சே.

நீங்க மொதல்ல எறங்குங்க, நானு பின்னால வர்றேன். இல்ல, நில்லுங்க, இந்தப் பையச் சித்தெ புடிங்க, தலையில இருக்கற பூவை எடுத்துப்போடறேன். அவ நாப்பத்தெட்டு நாளையும் கேக்கறதுக்கு என்னைக் கூப்புடலைங்க அம்மிணி. இந்த ஒரு பக்கத்த என்ற வாயால அவங்கம்மா அப்பன் முன்னால கேக்கோணும்னு கூப்பிட்டிருக்கறா. நானு என்னடான்னா, எனக்கு மாலை போடக் கூப்பிட்டாப்பல சீலை மாத்திக் கட்டிக்கிட்டு வந்துருக்கேன். இருக்கட்டும். மொதல்ல இதைத்தான் வாசிக்கறேன். பையக் குடுங்க, எறங்கறேன்.